மருந்தின் விலையை எழுதும் கை

அறிவியல் படிக்கும் மாணவனுக்கு இலக்கியம் எதற்கு? இலக்கியம் படிக்கும் மாணவனுக்கு அறிவியல் எதற்கு? நம் சமுதாயத்தில் கற்றறிந்தோர் நாவிலும் இவ்விரு வினாக்கள் நெடுங்காலமாகப் புழங்கி வருகின்றன. இவற்றை வினாக்கள் என்பதுகூடப் பொருந்தாது. விடையை முன்னரே முடிவு செய்துகொண்டு, பிள்ளையின் வாயை அடைப்பதற்காகக் கேட்கப்படுபவை இவை. "நீ அறிவியற் பிரிவு, தமிழ் இலக்கியத்தை விட்டுவிடு" என்று ஒருபுறம், "நீ தமிழாசிரியையாகப் போகிறவள், வேதியியல் உனக்கு எதற்கு?" என்று மறுபுறம். பதினாறு வயதிலேயே ஒரு பிள்ளையின் அறிவு இரண்டாக வெட்டப்படுகிறது. ஒரு பாதி குப்பையில் எறியப்படுகிறது.

எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கலாகாது என 2009-ஆம் ஆண்டில் வரையறை வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் இடமிழந்து போகும் என்று நாடெங்கும் தமிழர் குரல் எழுப்பினர். அக்குரல் வீண் போகவில்லை. பன்னிரண்டு பாடங்கள் வரை எடுக்க வழி பிறந்தது. ஆயினும் அவ்வழியில் நடக்க வேண்டிய அறிவியற் பிரிவு மாணவனைத் தடுத்து நிறுத்தியவர் யார்? கல்வியமைச்சு அன்று. "இலக்கியம் சோறு போடுமா?" என்று கேட்ட பெற்றோரும், அதற்கு மறுமொழி கூற இயலாது தலை குனிந்த ஆசிரியருமே ஆவர். அந்தக் கேள்விக்கு நேரான மறுமொழி உண்டு. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிகாமட் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் லாபிஸ், பெக்கோக் வரையிலும், மறுபுறம் புலோ காசாப், பத்து அனாம் வரையிலும் பால்மரமும் செம்பனையுமாக விரிந்த மண் இது. இம்மண்ணைப் பண்படுத்தியதில் தமிழரின் பங்கு எத்தகையது என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தோட்டப்புறத்திலிருந்து பட்டணத்திற்கு நகர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகம் புகுகின்றனர். ஆனால் அவர்தம் கனவு மட்டும் மூன்று சொற்களுக்குள் அடங்கிக் கிடக்கிறது: மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர். அறிவியலும் சட்டமும் மொழியும் ஒருங்கே கூடும் துறை ஒன்று உண்டென்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் அரியர். உயிர்த்தொழில்நுட்பமும் மருந்தியலும் சார்ந்த காப்புரிமைத் துறையே அது.

காப்புரிமை என்பது யாது? புதியதொன்றைப் புனைந்தவர் அதன் செய்முறையை மறைக்காது எழுதி அரசிடம் ஒப்படைக்கிறார். அதற்கு ஈடாக, அவர் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு வரை பிறர் அதனைச் செய்யவும் விற்கவும் தடை விதிக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. உரிமையின் எல்லை எதுவரை என்பதை ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவை சொல்லாது. விண்ணப்பத்தின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக் கோரிக்கைகளே சொல்லும். ஒவ்வொரு கோரிக்கையும் ஒரே வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் கோடிக்கணக்கான ரிங்கிட் சுழல்கிறது.

தமிழாசிரியர்களுக்கு நன்கு விளங்கக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்று தருவேன். ஒரு மருந்துக் கலவை மூன்று பொருள்களால் ஆனது என வைத்துக்கொள்வோம். "இம்மூன்றால் மட்டுமே ஆன கலவை" என்று கோரிக்கை எழுதினால், போட்டியாளர் நான்காவதாகப் பயனுள்ள ஒரு பொருளைச் சேர்த்து எளிதில் தப்பிவிடுவார். "இம்மூன்றையும் உள்ளடக்கிய கலவை" என்று எழுதினால், நான்காவது பொருள் சேர்ந்தாலும் அது உரிமைக்குள் அடங்கிவிடும். பிரிநிலை ஏகாரத்திற்கும் முற்றும்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் ஆசிரியர் இதனையன்றோ வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கிறார்? இளம்பூரணர் கொண்ட பொருளைச் சேனாவரையர் மறுக்கும் இடங்களைப் படித்தறிந்த மாணவன், ஓர் இடைச்சொல் முழு நூற்பாவின் பொருளையே புரட்டிப் போடும் என்பதை அறிவான். அந்த அறிவுக்குச் சந்தையில் விலையில்லை என்று சொன்னவர் யார்?

மைக்கும் தாளுக்கும் உள்ள வலிமையைப் பால்மரம் அறிந்த நம்மவர் அறியாதிருப்பது விந்தையே. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஆனால் அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்னரே, 1844-இல், இரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்குச் சார்ல்ஸ் குட்இயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். அந்தக் குட்இயரே தம் உரிமையைக் காக்க வழக்குமேல் வழக்காடிக் கடனாளியாக 1860-இல் மாண்டார் என்பது வேறு கதை. மரத்தைச் சீவிய கை எது, எழுதிய கை எது என்று பிரித்துப் பார்த்தால், செல்வம் எந்தக் கையின் பக்கம் சேர்ந்தது என்பது வெள்ளிடைமலை.

ஓர் அறிவியலாளரின் வாழ்க்கை இத்துறைக்குள் எவ்வாறு புகுகிறது என்பதற்கு ஆனந்த மோகன் சக்ரவர்த்தியின் வரலாறே சிறந்த சான்று. அவர் 1938-இல் மேற்கு வங்கத்துச் சைந்தியா என்னும் சிற்றூரில் பிறந்தார். 1965-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1971-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிரினுள், கச்சா எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் ஆற்றல் கொண்ட பிளாஸ்மிடுகள் பலவற்றை ஒருங்கே புகுத்தினார். எண்ணெயை உண்ணும் உயிர் ஒன்று உருவாயிற்று.

1972-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். செய்முறைக்கு உரிமை தரலாம். உயிருக்குத் தர இயலாது என்றார் ஆய்வு அலுவலர். உயிருள்ள பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வருமா என்ற வினா படிப்படியாக ஏறி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1980 சூன் 16-இல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஒரு பொருள் உயிருள்ளதா உயிரற்றதா என்பது வினாவன்று; அது இயற்கையின் படைப்பா, மனிதனின் ஆக்கமா என்பதே வினா என்று பெரும்பான்மையோர் கொண்டனர். ஒரே ஒரு நீதிபதியின் வாக்கு மாறியிருந்தால் உயிர்த்தொழில்நுட்பத்தின் வரலாறே வேறு திசையில் சென்றிருக்கும். எண்ணிப் பாருங்கள்: அந்த எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர் கடலில் கொட்டிய எண்ணெயைத் துப்புரவாக்கப் பெரிதாகப் பயன்படவேயில்லை. அதைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியமோ உலகையே மாற்றியது. மூன்றாண்டுக்குப் பின் இயற்றப்பட்ட நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டமும், தாவர வகைக்கும் விலங்கு வகைக்கும் உரிமையை மறுக்குமிடத்து, மனிதன் ஆக்கிய நுண்ணுயிருக்கு மட்டும் விலக்களித்திருக்கிறது.

சக்ரவர்த்தி அத்தோடு நின்றாரல்லர். சிகாகோவில் பேராசிரியராக இருந்தவாறே, மரபியல் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதிகளுக்கு அறிவியலை விளக்கும் பணியில் ஈடுபட்டார். நுண்ணுயிரிலிருந்து பெற்ற அசூரின் என்னும் புரதம் புற்றுநோய்க்கு மருந்தாகுமா என ஆராய்ந்து, அதன் காப்புரிமைகளைக் கையாள அமெரிக்காவிலும் குஜராத்திலும் நிறுவனங்களைத் தோற்றுவித்தார். 2007-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2020-இல் மறைந்தார். ஆய்வுக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் ஒரே மனிதர் ஒரே தெளிவோடு பேச முடிந்தது. நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய முன்மாதிரி இதுவன்றோ?

காப்புரிமை என்றால் பணக்கார நாட்டு நிறுவனங்கள் ஏழையைச் சுரண்டும் கருவி என்று மேடைகளில் முழங்குவாரும் நம்மிடையே உளர். முழக்கம் எளிது. அந்தக் கருவியின் கூர்மையை மழுக்கியவர் எவர் என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்டால், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். இராஜகோபால அய்யங்காரின் பெயர் வரும். அவர் 1959-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கை, இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டாருடையவை என்பதையும், அவற்றுட் பெரும்பாலானவை அந்நாட்டில் உற்பத்திக்குப் பயன்படவே இல்லை என்பதையும் சான்றுகளோடு நிறுவிற்று. அவ்வறிக்கையின் அடித்தளத்தில் எழுந்ததே இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். மருந்துப் பொருளுக்கு உரிமையில்லை, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று அது வகுத்தது. இந்திய வேதியியலாளர் வேறு செய்முறைகளைக் கண்டு மலிவு மருந்து செய்ய வழி திறந்தது அந்த ஒரு வரையறையே. 2001-இல் எய்ட்சு நோய்க்கான மும்மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 அமெரிக்க டாலருக்குத் தர முடியும் என்று சிப்லா நிறுவனம் அறிவித்தது. அப்போது மேலை நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கு மேல்.

2005-இல் உலக வாணிக ஒப்பந்தத்தின்படி இந்தியா மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தரலாயிற்று. அப்போது சட்டத்தினுள் ஒரு வேலியும் இட்டது. ஏற்கெனவே அறிந்த பொருளின் புதிய வடிவம், அப்பொருளின் செயல்திறனை மிகுதிப்படுத்தினாலன்றி, புத்தாக்கம் ஆகாது என்பது அவ்வேலி. அதன் வலிமை சோதிக்கப்பட்டது சென்னையில்தான். இரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு அருமருந்தான இமாட்டினிப் என்னும் பொருளின் ஒரு படிக வடிவத்திற்கு நோவார்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்திருந்தது. கிளிவெக் என்ற பெயரில் அது விற்ற அம்மருந்துக்கு இந்தியாவில் மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். பிற இந்திய நிறுவனங்களின் மருந்துக்கோ 8,000 முதல் 10,000 ரூபாய். 2006 சனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. 2007 ஆகத்தில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வேலி செல்லும் என்றது. 2013 ஏப்ரல் 1-இல் இந்திய உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்புரைத்தது.

அத்தீர்ப்பு எதன்மேல் நின்றது? செயல்திறன் என்னும் ஒரு சொல்லின் பொருள்மேல் நின்றது. புதிய படிகம் நன்கு பாய்ந்தோடும், ஈரத்தை எளிதில் ஏற்காது, நெடுநாள் நிலைக்கும் என்று நிறுவனம் வாதிட்டது. அவை பொருளின் இயல்புகள். மருந்துக்குச் செயல்திறன் என்றால் நோயைத் தணிக்கும் திறனே என்று நீதிமன்றம் பொருள் கண்டது. சொல்லுக்குப் பொருள் காணுமிடத்தில் இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் என்பது நம் உரை மரபின் முதற்பாடம். ஆயிரமாயிரம் நோயாளிகளின் மருந்துச் சீட்டு அந்த முதற்பாடத்தில் தொங்கிற்று. படிகவியல் அறியாதவர் அவ்வழக்கில் வாதாட முடியாது. சொல்லாய்வு அறியாதவரும் வாதாட முடியாது.

இந்தியாவின் கதை நமக்கெதற்கு என்று கேட்பார் உளர். நம் நாட்டின் கதையும் அதுவே. நம் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, பொதுநலன் வேண்டும்போது காப்புரிமை பெற்ற பொருளை உரிமையாளரின் இசைவின்றியும் பயன்படுத்த அரசுக்கு வழி செய்கிறது. உரிமையாளருக்கு ஈட்டுத்தொகை உண்டு. 2003-இன் இறுதியில் மலேசிய அரசு அப்பிரிவைக் கையாண்டு, எய்ட்சு மருந்துகளை இந்தியாவின் சிப்லாவிடமிருந்து ஈராண்டுக்கு இறக்குமதி செய்ய இசைவளித்தது. ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 2017 செப்டம்பரில் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்காக மீண்டும் அதே பிரிவை நம் அரசு எடுத்தது. கிலியட் நிறுவனம் அமெரிக்காவில் பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு வைத்த விலை 84,000 டாலர். ஒரு மாத்திரைக்கு 1,000 டாலர். உரிமையை மீறினால் பழி வரும் என்ற அச்சுறுத்தல் இருந்தும், சட்டத்தின் எழுத்தை நன்கறிந்தோர் நம் அரசுப் பணியில் இருந்ததால் அம்முடிவு எடுக்கப்பட்டது. 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் அச்சிகிச்சை இலவசமாகக் கிடைக்கலாயிற்று.

சிகாமட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ண வேண்டா. மொனாஷ் பல்கலைக்கழகம் மக்கள் நலத்தை ஆராய நிறுவிய தென்கிழக்காசியச் சமூகக் கூர்நோக்ககம் பத்தாண்டுக்கு மேலாக இந்த மாவட்டத்து வீடுகளில் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் அளந்து வருகிறது. நம் அம்மாக்களும் அப்பாக்களும் தம் நோயின் கணக்கை அறிவியலுக்குக் கொடுத்திருக்கின்றனர். இந்நோய்களுக்கு நாளை வரவிருக்கும் மருந்தின் விலை எங்கோ எழுதப்படும் ஒரு வாக்கியத்தில் தீர்மானமாகும். அவ்வாக்கியத்தைப் படித்துக் குறை காண வல்ல ஒருவர் நம் தெருவிலிருந்து புறப்பட்டாரா என்பதே என் கேள்வி.

இனி, மேடைப் பேச்சாளர் சிலருக்கு ஒரு சொல். "இவையனைத்தையும் நம் சித்தர்கள் அன்றே கண்டுவிட்டனர், வெள்ளையன் திருடிக்கொண்டான்" என்று கைதட்டல் வாங்குவோர் இவர்கள். இவர்களுடைய முழக்கத்தால் இதுவரை ஒரு காப்புரிமையேனும் நீங்கியதுண்டா? மஞ்சளின் வரலாற்றைப் பார்ப்போம். புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்கா காப்புரிமை வழங்கியது. பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம். புனைந்தோர் என்று பெயர் குறிக்கப்பெற்ற இருவரும் இந்திய வமிசாவளியினர்! திருடியவன் வெள்ளையன் என்ற பல்லவி இங்கேயே தாளம் தப்புகிறது. அடுக்களையில் அஞ்சறைப் பெட்டி வைத்திருக்கும் எந்தப் பாட்டியும் அறிந்த செய்திக்கு எவ்வாறு உரிமை கிடைத்தது? அந்நாளைய அமெரிக்கச் சட்டம், அயல்நாட்டில் வாய்வழியாகவும் வழக்காற்றிலும் இருந்த அறிவை முன்னறிவாக ஏற்கவில்லை. அச்சில் வந்தது மட்டுமே சான்று. அந்நிலை 2011-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால், 2013 முதல்தான் மாறியது.

இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் என்ன செய்தது? கூட்டம் கூட்டிக் கண்டிக்கவில்லை. பழைய நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் உள்ளிட்ட 32 சான்றுகளைத் திரட்டி, மொழிபெயர்த்து, ஆண்டு குறித்து, காப்புரிமை அலுவலகத்தின் முன் வைத்தது. 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அந்த அனுபவத்தின் விளைவாக 2001-இல் மரபறிவு மின்னூலகத் திட்டம் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களும் ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு, இசுபானியம், சப்பானியம் ஆகிய மொழிகளில் ஆய்வு அலுவலர் படிக்கும் வண்ணம் அதில் பெயர்த்து வைக்கப்பட்டுள்ளன. சித்தர் பாடலின் குழூஉக்குறியை உடைத்துப் பொருள் சொல்ல வல்ல தமிழறிஞரும், அந்த மூலிகையின் தாவரவியற் பெயரை அறிந்த அறிவியலாளரும் இல்லையேல் இப்பணி நடந்திருக்குமா? பெருமை பேசுவது ஒன்று. பெருமையை மெய்ப்பிப்பது மற்றொன்று. முன்னதற்குத் தொண்டை போதும். பின்னதற்குப் படிப்பு வேண்டும்.

நம் மாவட்டத்தின் கிழக்கெல்லைக்கு வருவோம். பெக்கோக் வழியாகச் செலாய் சென்றால் எண்டாவ் ரொம்பின் பெருங்காடு விரிகிறது. அக்காட்டின் செடிகொடிகளை நன்கறிந்தவர்கள் ஜாக்குன் பூர்வகுடி மக்கள். தொங்காட் அலி என்னும் காட்டுவேரின் பயனைப் பூர்வகுடியினரும் மலாய்க்காரரும் தலைமுறை தலைமுறையாக அறிவர். அவ்வேரின் ஒரு சாறுக் கூற்றுக்கு 2006-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மலேசிய அரசும் மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகமும் அதற்குக் கூட்டுரிமையர். நம் நாடு உரிமைப் பட்டியலில் இடம்பெற்றது நன்றே. ஆனால் அறிவைக் காத்து வந்த காட்டு மக்களுக்கு என்ன பங்கு? இவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியாக உயிரியல் வளங்களை அணுகுதல், பயன் பகிர்தல் பற்றிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மரபறிவைப் பயன்படுத்துவோர் அம்மக்களின் முன்னிசைவைப் பெற வேண்டும், பயனைப் பகிர வேண்டும் என்பது அதன் நெறி. நெறி நூலில் இருந்தால் போதாது. அதனை எடுத்து வாதாடுவார் வேண்டும். தோட்டப்புறத்தில் பிறர் எழுதிய ஒப்பந்தங்களுக்குக் கைநாட்டு வைத்த முன்னோரின் வழிவந்த நமக்கு, எழுத்தறியாதவரின் அறிவை எழுத்தறிந்தவர் கொண்டுபோவது என்றால் என்னவென்று பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கே சிலர் மூன்று தடைகளை எழுப்புவர். "காப்புரிமையே அறமற்றது, அறிவுக்கு விலை வைக்கலாமா?" என்பது முதல் தடை. இன்சுலினைக் கண்ட பேண்டிங்கும் அவர்தம் தோழர் இருவரும் 1923-இல் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தனர். உரிமையே வேண்டா என்று அவர்கள் கைகழுவவில்லை. கைகழுவியிருந்தால் வேறொருவர் அதனை எழுதி வாங்கி உலகை மிரட்டியிருக்கக்கூடும். தாமே எழுதி வாங்கிப் பொதுநிறுவனத்தின் கையில் வைத்தனர். வாள் கொடியது என்று ஒதுங்கி நிற்பவர் எவரையும் காப்பதில்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுக்கள் மீது ஒரு நிறுவனம் கொண்டாடிய உரிமையை 2013-இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இயற்கையில் உள்ள மரபணுவைப் பிரித்தெடுத்தது மட்டுமே புத்தாக்கம் ஆகாது என்றது. அவ்வழக்கை வெல்லவும் மரபியலறிவும் சட்டஅறிவும் வேண்டியிருந்தன. கற்றவர் இருபுறமும் இருப்பர். எப்புறம் நிற்பது என்பது அவரவர் மனச்சான்று. எப்புறமும் இல்லாதிருப்பது அறமன்று, அறியாமை.

"சட்டமும் விண்ணப்பமும் ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கின்றன, தமிழ் எங்கே வந்தது?" என்பது இரண்டாம் தடை. எம்மொழியில் எழுதினும் நுணுகிப் படிக்கும் பயிற்சி தாய்மொழியில்தான் வேர்கொள்கிறது. ஒரு சொல்லை எடுத்து அதன் எல்லையை அளந்து பார்க்கும் பழக்கத்தைப் பத்து வயதில் பெற்ற பிள்ளை, இருபது வயதில் அதனை எம்மொழிக்கும் கொண்டு செல்வான். அப்பழக்கமே இல்லாத பிள்ளைக்கு மும்மொழியும் மனப்பாடமாகவே நின்றுவிடும். நம் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, உலகில் எங்கேனும் எழுத்தாலோ வாய்மொழியாலோ பயன்பாட்டாலோ வெளிப்பட்ட அனைத்தையும் முன்னறிவாகக் கொள்கிறது. ஆகவே தமிழில் உள்ள ஒரு மருத்துவச் சுவடியும் கோலாலம்பூரில் சான்றாகலாம். ஆனால் அச்சுவடி தானே நடந்து சென்று சான்று சொல்லாது.

"இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு" என்பது மூன்றாம் தடை. இதுவே மிகக் கொடிய தடை. ஏனெனில் இதனை எழுப்புவோர் நம்மவரே. இத்துறைக்குப் பரம்பரைச் சொத்து தேவையில்லை. வேதியியல், உயிரியல், மருந்தியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றுள் ஒன்றில் நல்ல பட்டம் வேண்டும். அதன்மேல் காப்புரிமை முகவர் தேர்வு. நம் நாட்டில் அதனை நடத்துவது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம். இந்தியாவில் முகவராக அறிவியல் அல்லது பொறியியற் பட்டம் இன்றியமையாதது. சட்டப் பட்டம் மட்டும் போதாது. முகவர் பணியேயன்றி, விண்ணப்பங்களை ஆராயும் அரசு அலுவலர் பணி, பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு உரிமை பெற்றுத் தரும் பணி, நலவாழ்வு அமைச்சுக்கும் நோயாளர் அமைப்புகளுக்கும் அறிவுரை கூறும் பணி எனக் கிளைகள் பல. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை என்று உயிரியற் பட்டத்தை ஆறுதல் பரிசாக எண்ணி வாடும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்! மருத்துவர் ஒரு நாளில் நாற்பது நோயாளிகளைப் பார்க்கலாம். பொருந்தாத ஒரு காப்புரிமையை முறியடித்தவர், தாம் ஒருநாளும் காணாத நோயாளிகளுக்கெல்லாம் மருந்து தருகிறார்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் கேட்பது பெரிதன்று. இடைச்சொல் நடத்தும் நாளில், "மட்டுமே", "உள்ளிட்ட" என்னும் இரு சொற்களை வைத்து ஒரு மருந்துக் கலவையின் உரிமையை இருவாறு எழுதச் சொல்லி, எது அகலம், எது குறுக்கம் என்று மாணவரை வாதாட விடுங்கள். வீட்டு வைத்தியம் பற்றிய கட்டுரை எழுதச் சொன்னால், "நம் முன்னோர் அறிவிற் சிறந்தவர்" என்ற வரியோடு முடிக்க விடாதீர்கள். எந்த மூலிகை, எந்தப் பகுதி, எந்த நோய்க்கு, எவ்வளவு, யார் சொன்னது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறிக்கச் சொல்லுங்கள். பிற மக்களின் அறிவாயின் அவர்தம் இசைவைக் கேட்கச் சொல்லுங்கள். அறிவியற் பிரிவுக்குப் போகும் மாணவனைத் தமிழ் வகுப்பிலிருந்து வழியனுப்பி வைக்காதீர்கள். கையைப் பிடித்து நிறுத்துங்கள். தமிழிலக்கியம் கற்கும் மாணவியின் மேசையில் ஓர் உயிரியல் நூலும் இருக்கட்டும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. இலக்கியம் சோறு போடுமா என்று இனி எவரேனும் கேட்டால் வாளா இராதீர்கள். அறிவியல் அறிந்த ஒருவன் ஒரு சொல்லின் பொருளைச் சரியாகக் கண்டதால் புற்றுநோயாளியின் மருந்து 1,20,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயளவில் கிடைக்கும் நிலை காக்கப்பட்டது என்று கூறுங்கள். அந்த வழக்கு தொடங்கியது தமிழ்நாட்டின் தலைநகரில் என்பதையும் சேர்த்துக் கூறுங்கள். அடுத்த வழக்கின் கட்டு எங்கேனும் ஓர் அலுவலகத்தில் இப்போதே திறக்கப்பட்டிருக்கலாம். அதனைப் படிப்பதற்குச் சிகாமட்டிலிருந்தும் ஒருவர் செல்லட்டும்.